பழைய புத்தகத்தின் நிலையைப் பார்த்து எழுதுவது எப்படி

“நல்ல நிலையில் உள்ளது. பழமைக்கேற்ற தேய்மானம் உண்டு.” விற்பனைக்கு வரும் பழைய புத்தகங்களின் குறிப்புகள் பல இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகின்றன. வாங்க நினைப்பவருக்கு இதிலிருந்து ஒன்றுமே தெரியாது. தேய்ந்திருப்பது அட்டையா, தாள்களைத் தைத்துச் சேர்த்த பக்கமான முதுகா? பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா? 50 வருடப் புத்தகத்துக்கும் 200 வருடப் புத்தகத்துக்கும் ‘பழமைக்கேற்ற’ என்ற ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

நிலைக்குறிப்பு சரியாக இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை போதும். புத்தகத்தைப் பார்க்காமல் குறிப்பை மட்டும் படித்தவர், பார்சலைப் பிரித்ததும் “எழுதியிருந்தபடியே இருக்கிறது” என்று சொல்ல வேண்டும். ‘நன்று’, ‘சுமார்’ என்பதெல்லாம் உங்கள் அபிப்பிராயம். ‘முதுகின் மேல்முனையில் 1 செ.மீ. கிழிசல்’ என்பது தகவல். தகவலை எல்லாம் முதலில் எழுதிவிட்டு அபிப்பிராயத்தைக் கடைசியில் வையுங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் மனதுக்குள் ஒரு தரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒத்துவருகிற குறைகளை மட்டும் பார்க்கிறார்கள்.

விற்பதற்கு மட்டுமில்லை, சொந்தச் சேகரிப்பின் பட்டியலுக்கும் காப்பீட்டுக்கும் இதே முறைதான்.

உட்காருவதற்கு முன்

துடைத்த மேசை, நல்ல வெளிச்சம், செ.மீ. குறித்த ஸ்கேல், சின்ன டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, குறிப்பெடுக்கப் பென்சில். பேனா பக்கத்திலேயே வேண்டாம். டீ, காபியும் வேண்டாம்.

கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டால் போதும். சினிமாவில் காட்டுகிற வெள்ளைக் கையுறை தேவையில்லை. துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, ஓரம் கிழிந்துவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த, பளிச்சென்ற மரகதப் பச்சைத் துணி அட்டைகளில் ஆர்செனிக் கலந்த நிறமி இருக்கலாம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள வின்டர்தூர் அருங்காட்சியகம் 2019 முதல் இத்தகைய புத்தகங்களைத் தேடிச் சோதித்துப் பட்டியலிட்டு வருகிறது. அந்தக் காலத்துப் பச்சை அட்டை கைக்கு வந்தால் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள், பார்த்து முடித்ததும் மேசையைத் துடையுங்கள், புத்தகத்தைத் தனி உறையில் வையுங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் எந்தப் புத்தகத்துக்கும் ஆகாது. இதற்குச் சுத்தமாக ஆகாது.

அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலைக் கொக்கி போலப் போட்டு இழுக்காதீர்கள். பழைய புத்தகங்களில் முதுகின் மேல்முனை பிய்ந்திருப்பதற்கு முக்கியமான காரணமே இந்த இழுப்புதான். இரு பக்கத்துப் புத்தகங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுங்கள்.

அடையாளம்: சட்டென்று முடியும் வேலை

தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, உயரம் × அகலம், எந்த வகை பைண்டிங். ஆண்டை அட்டையைப் பார்த்து எழுத வேண்டாம், தலைப்புப் பக்கத்திலிருந்தோ அதன் பின்பக்கத்திலிருந்தோ எடுங்கள். பைண்டிங்கை ‘முழுத்தோல்’, ‘முதுகும் மூலையும் தோல், மற்றது துணி’, ‘காலிகோ துணி’, ‘காகித அட்டை’ என்று கண்ணால் பார்ப்பதை அப்படியே எழுதினால் போதும்.

வெளிப்பக்கம்

ஒரே வரிசையில் பார்க்கப் பழகுங்கள். முன் அட்டை, முதுகு, பின் அட்டை, அப்புறம் தாள்களின் மூன்று ஓரங்கள். ஒவ்வொரு முறையும் இதே வரிசை என்றால் எதுவும் விட்டுப்போகாது.

அட்டையில் மூலைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூலை நசுங்கியிருப்பது வேறு, தேய்ந்திருப்பது வேறு. கீழே விழுந்ததால் நசுங்கும். பல வருடம் எடுத்து எடுத்து வைத்ததால் தேயும். துணி தேய்ந்து உள்ளே இருக்கும் மட்டை தெரிகிறதா என்பதையும் எழுதுங்கள். நாலு மூலையில் எத்தனை மூலை என்பதையும் எழுதுங்கள்.

முதுகின் நிறத்தை அட்டையின் நிறத்தோடு ஒப்பிடுங்கள். அலமாரியில் வெளிச்சம் படுவது முதுகில்தான், அதனால் அது முதலில் வெளுக்கும். சிவப்பும் ஊதாவும் இதில் ரொம்ப மோசம். தலைப்பு எழுத்தின் தங்க முலாம் மங்கியிருந்தால், படிக்க முடிகிறதா இல்லையா என்பதைச் சொல்லுங்கள். அப்புறம் புத்தகத்தை மேசையில் படுக்க வைத்து, உச்சிப் பக்கத்திலிருந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நேர் செவ்வகமாக இருந்தால் சரி. ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் ‘முதுகு சாய்ந்துள்ளது’ என்று எழுத வேண்டும். முன்பக்கத்திலிருந்து எடுத்த போட்டோவில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

தோல் பைண்டிங் என்றால், தொட்டபின் விரலைப் பாருங்கள். செங்கல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தால் தோல் சிதைய ஆரம்பித்துவிட்டது. தாவரச் சத்தால் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தகப் புகையால் இப்படிப் பொடியும். 19ஆம் நூற்றாண்டுத் தோல் அட்டைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். ‘தோல் பொடிந்து உதிர்கிறது, தொட்டால் கையில் ஒட்டும்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிப் படம் எடுப்பதும் நடக்கிறது. வாங்குபவரின் பக்கத்துப் புத்தகங்களிலும் அந்த எண்ணெய் ஏறும்.

வெளிப்பக்கத்தில் பார்க்கிற எல்லாவற்றிலும் முக்கியமானது, அட்டை முதுகோடு சேருகிற மூட்டு. வெளியே ஒரு நீளப் பள்ளமாகத் தெரிவது வெளிமூட்டு. அட்டையைத் திறந்தால், அதன் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளான எண்ட் பேப்பர் மடியும் இடம் உள்மூட்டு. அட்டையை ஒரு கையில் தாங்கியபடி மெதுவாக, செங்குத்தாக நிற்கும் அளவுக்கு மட்டும் திறங்கள். இங்கே மூன்று நிலைகள் உண்டு, மூன்றையும் குழப்பக்கூடாது. முதல் நிலையில், மேல் தோலோ துணியோ வெடித்திருக்கிறது, ஆனால் உள்ளே கயிறும் தையலும் அட்டையை உறுதியாகப் பிடித்திருக்கின்றன. இரண்டாவதில் அட்டை ஒன்றிரண்டு நூலில் ஊசலாடுகிறது. மூன்றாவதில் தனியாகக் கழன்றுவிட்டது. ‘மூட்டு பலவீனம்’ என்று மொட்டையாக எழுதினால் இந்த மூன்றில் எது என்று யாருக்கும் தெரியாது. வாங்கியவர் பைண்டருக்குக் கொடுக்க வேண்டிய கூலியே இதை வைத்துத்தான் மாறும்.

மேலுறை

ஜாக்கெட் எனப்படும் மேலுறை இருந்தால் அதைத் தனிப் புத்தகம் போலவே பாவித்துத் தனியாக எழுதுங்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பதிப்புகளில் விலையின் பெரும்பகுதி இந்தத் தாளுக்குத்தான் போகிறது.

எங்கெங்கே துண்டு உதிர்ந்திருக்கிறது, எவ்வளவு பெரிய துண்டு, எழுத்தோ படமோ போயிருக்கிறதா என்று பாருங்கள். கிழிசல் என்றால் நீளத்தை மி.மீ. கணக்கில் எழுதுங்கள். துண்டு போகாமல் வெறுமனே கிழிந்திருப்பதும் துண்டே காணாமல் போயிருப்பதும் ஒன்றல்ல. உள்மடிப்பில் விலை அச்சிட்ட மூலையைக் கத்தரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பரிசாகக் கொடுப்பவர்கள் செய்கிற வேலை அது, ஆனால் சேகரிப்பாளர்கள் கட்டாயம் கேட்பார்கள். மேலுறையைக் கழற்றி உள்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். செலோடேப் ஒட்டு பெரும்பாலும் உள்ளேதான் ஒளிந்திருக்கும். டேப்பின் பசை மஞ்சளாகி வெளிப்பக்கம் வரை ஊறும்.

நகல் மேலுறைகளும் உலவுகின்றன. 1930களின் புத்தகத்தில் மேலுறை மட்டும் சந்தேகப்படும்படி புத்தம்புதிதாக இருந்தால், இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் காகிதத்தில் பரவலாக வந்தது 1950 வாக்கில்தான். பழைய தாள் மங்கலாக இருக்கும். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் பிற்காலத் தாள்.

உள்ளே

தாளின் நிறத்திலிருந்து தொடங்கலாம். கந்தல் துணிக் கூழில் செய்த பழைய தாள் 300 வருடம் ஆகியும் வெளுப்பாகவே இருப்பதைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ்த் தாள் வந்தது. மரத்தில் இயல்பாகவே உள்ள லிக்னின் என்ற பொருளும், மை பரவாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் சேர்ந்து அமிலத்தைக் கூட்டி, தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கின்றன. ஆக, 1750ஆம் ஆண்டுப் புத்தகத்தைவிட 1920ஆம் ஆண்டுப் புத்தகம் மோசமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பழுப்பு எங்கே என்று பிரித்து எழுதுங்கள். ஓரத்தில் மட்டுமா, பக்கம் முழுக்கவா? தாள் இன்னும் வளைகிறதா, ஒடிகிறதா? பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடித்து ஒடிகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று ஆய்வகங்களில் உண்டு. அதை நீங்கள் செய்ய வேண்டாம். புரட்டும்போது வரும் சத்தமே சொல்லிவிடும்.

சிதறினாற்போல் துருநிறப் புள்ளிகள் இருந்தால் அதுதான் ‘ஃபாக்ஸிங்’. ஈரப்பதம், பூஞ்சை, தாளில் கலந்துள்ள இரும்புத் துகள் எல்லாமே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. முதல் சில தாள்களிலும் படங்களுக்குப் பக்கத்திலும் மட்டுமா, புத்தகம் முழுக்கவா என்று சொன்னால் போதும். தண்ணீர்க் கறை இதிலிருந்து வேறுபட்டது. அதற்கு அலை ஒதுங்கினாற்போல ஒரு விளிம்புக்கோடு இருக்கும். எந்த மூலை, எத்தனை பக்கம் வரை, எழுத்தைத் தொடுகிறதா என்பவை வேண்டும்.

பூச்சி அரிப்பிலும் வித்தியாசம் உண்டு. ஊசி குத்தினாற்போல் நேராகத் துளைத்துப் போவது வண்டின் புழு. தாளின் மேற்பரப்பைச் சுரண்டினாற்போல் ஒழுங்கில்லாமல் தின்றிருந்தால் வெள்ளிமீன் பூச்சியாக இருக்கும். துளை எந்தப் பக்கத்தில் ஆரம்பித்து எங்கே முடிகிறது, எழுத்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தை வெள்ளைத்தாளின் மேல் லேசாகத் தட்டிப் பாருங்கள். புதிதாக மாவு போலக் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கக்கூடும்.

அப்புறம், முகர்ந்து பாருங்கள். ஆனால் மூக்கைத் தாளில் வைத்து இழுக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளியே பிடியுங்கள். பூசண வாடை, சிகரெட் வாடை, பூச்சி உருண்டை வாடை மூன்றும் குறிப்பில் வரவேண்டிய விஷயங்கள். எந்தப் போட்டோவும் இதைக் காட்டாது. பஞ்சுபோல மேலெழும்பிய, தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் பூஞ்சை தெரிந்தால் அத்தோடு நிறுத்தி, புத்தகத்தைப் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து ஒதுக்கி வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிய இடத்தில் பூஞ்சை சுலபமாகப் பரவும்.

பக்கம் எண்ணுதல்

சலிப்பான வேலை. ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு எழுதிய குறிப்பு குறிப்பே இல்லை. மூலை தேய்ந்த புத்தகத்தை மன்னிப்பார்கள். ஒரு வரைபடம் குறைந்த புத்தகத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.

முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். கடைசிப் பக்கத்தில் 312 என்று இருப்பதால் 312 பக்கமும் உள்ளன என்று அர்த்தமில்லை. முன்னுரைப் பகுதிக்குத் தனி எண்வரிசை இருக்கும். எண்ணிடாத பக்கங்கள் இருக்கும். தலைப்புப் பக்கத்துக்கு முந்தைய வெறும் தலைப்புத் தாளும், கடைசியில் வரும் பதிப்பக விளம்பரத் தாள்களும், பிழைதிருத்தச் சீட்டும் பைண்டிங் மாற்றும்போது முதலில் காணாமல் போகிறவை.

படங்களைத் தனியாக எண்ணுங்கள். தனித் தாளில் அச்சிட்டு இடையில் ஒட்டிய படங்கள் பக்க எண்ணில் சேராது. எனவே ஒரு படத்தை யாராவது கிழித்துச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தாலும் எண்வரிசை கொஞ்சமும் இடறாது. புத்தகத்தில் படப் பட்டியல் இருந்தால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மடித்து வைத்த வரைபடங்களை மெதுவாக விரித்து, மடிப்புக் கோட்டில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவில் வெட்டிய விளிம்பு குச்சம் போல நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு தாள் போயிருக்கலாம்.

பக்க எண்ணே இல்லாத, அல்லது எண்கள் குழம்பிய மிகப் பழைய ஆங்கில, லத்தீன் புத்தகம் என்றால், ஒவ்வொரு ஃபாரத்தின் (ஒரே பெரிய தாளை மடித்து வரும் பக்கத் தொகுப்பு) முதல் தாள்களிலும் பக்கத்தின் அடியில் உள்ள சிறு எழுத்தைப் பாருங்கள். பைண்டர் வரிசையாக அடுக்குவதற்காக அச்சகத்தார் போட்ட எழுத்து அது. 23 எழுத்து வரிசைதான் வழக்கம். ஜே, டபிள்யூ இரண்டும் இருக்காது, யூ, வி இரண்டில் ஒன்றுதான் இருக்கும். ஐ-க்கு அடுத்து கே வந்தால் ஒரு ஃபாரம் காணோம் என்று பதற வேண்டாம்.

எண்ணி முடித்ததும் ‘எண்ணிப் பார்த்தது, முழுமை’ என்று எழுதுங்கள். எண்ணவில்லை என்றால் அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

முந்தைய கைகள் விட்ட தடயங்கள்

பெயர், அன்பளிப்பு வரி, ரப்பர் ஸ்டாம்ப், அடிக்கோடு, ஓரக்குறிப்பு. எங்கே, எதனால் எழுதியது, எத்தனை பக்கம் என்று சொல்லுங்கள். ‘12 பக்கங்களில் பென்சில் அடிக்கோடு’ என்பதைப் படித்தவர் தானே முடிவு செய்துகொள்வார். நீங்களாக அழிக்கப் போகாதீர்கள். ஓரக்குறிப்பு எழுதியவர் யாரென்று தெரியவந்தால் அதுவே புத்தகத்தின் சிறப்பாகவும் ஆகலாம். ரப்பரால் தேய்த்த இடமோ காலத்துக்கும் தெரியும்.

நூலகத்திலிருந்து வெளியேறிய பிரதி என்றால் அது முதல் வரியிலேயே வரவேண்டும். ஸ்டாம்ப், முதுகில் எண்சீட்டு, கடைசித் தாளில் அட்டைப் பை, இவற்றைக் கழற்றிய தடம், எல்லாமே.

பழுதுபார்ப்பும் அப்படித்தான். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கத்தின் மேல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். ஒட்டிய கிழிசல், அழித்த ஸ்டாம்ப், வேறு தாளால் அடைத்த துளை எல்லாம் நிழலோடு எழும்பித் தெரியும். முதுகை மாற்றிப் பழைய முதுகுத்தோலை மேலே ஒட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நல்ல பைண்டர் செய்த பழுதுபார்ப்பு குறையில்லை, அதை மறைப்பதுதான் குறை.

இப்போது எழுதலாம்

ஒவ்வொரு குறைக்கும் நான்கு விஷயம் வேண்டும்: என்ன, எங்கே, எவ்வளவு, படிப்பதையோ பிரதியின் உறுதியையோ பாதிக்கிறதா. கற்பனையான ஒரு பிரதிக்கு இப்படி எழுதலாம்:

“காலிகோ துணி பைண்டிங், 22 × 14 செ.மீ., மேலுறை இல்லை. முதுகு வெளுத்துள்ளது, தங்க எழுத்து மங்கினாலும் படிக்கலாம். முதுகின் மேல்முனையில் 8 மி.மீ. கிழிசல். கீழ் மூலைகள் இரண்டும் தேய்ந்து மட்டை தெரிகிறது. முன் உள்மூட்டில் எண்ட் பேப்பர் வெடித்துள்ளது, அட்டை உறுதியாக உள்ளது. முதல் எண்ட் பேப்பரில் மையால் எழுதிய பெயர், 1931 தேதியுடன். தாள் ஓரங்களில் பழுப்பு. பக்கம் 97 முதல் 120 வரை மேல் ஓரத்தில் தண்ணீர்க் கறை, எழுத்தைத் தொடவில்லை. 6 படங்களும் உள்ளன. எண்ணிப் பார்த்தது, முழுமை. வாடை இல்லை.”

அழகான நடை இல்லைதான். ஆனால் கண்ணை மூடினால் புத்தகம் தெரிகிறது, இல்லையா? ‘லேசான’, ‘சிறிய’ போன்ற சொற்களை எழுதும்போதெல்லாம் அங்கே ஓர் அளவு போட முடியுமா என்று பாருங்கள். ‘மற்றபடி நன்று’ என்பதைக் கண்ணால் பார்த்தாலே அடித்துவிடுங்கள். ‘அரிய புத்தகம்’ என்பது நிலைக்குறிப்பே இல்லை.

இனி தரம். ஆங்கிலப் புத்தக வணிகத்தில் புழங்கும் தரச்சொற்களை 1949இல் ‘ஏபி புக்மேன்ஸ் வீக்லி’ என்ற வணிக இதழ் வரையறுத்தது. இன்றும் சின்னச் சின்ன மாற்றங்களோடு அதுதான் நடைமுறை. ‘ஆஸ் நியூ’ என்றால் அச்சகத்திலிருந்து வந்ததுபோல. ‘ஃபைன்’ கிட்டத்தட்ட அப்படி, குறையே இல்லை, புதுமையின் மிடுக்கு மட்டும் போயிருக்கலாம். ‘வெரி குட்’ லேசாகத் தேய்ந்தது, கிழிசல் இல்லாதது. ‘குட்’ நன்றாகப் புழங்கித் தேய்ந்த, ஆனால் எல்லாப் பக்கங்களும் உள்ள சாதாரணப் பிரதி. ‘ஃபேர்’ எழுத்துப் பக்கங்கள் எல்லாம் உள்ளது, எண்ட் பேப்பர் போன்றவை குறையலாம். ‘புவர்’ படிக்க மட்டும் லாயக்கு. ஆக, மேலே எழுதிய பிரதிக்கு ‘குட்’ கொடுக்கலாம். ‘குட்’ என்ற பெயரைக் கேட்டு நல்ல பிரதி என்று ஏமாந்து வாங்குகிறவர்கள் நிறைய. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகத்துக்கு ‘ஆஸ் நியூ’ போட்டிருப்பதைப் பார்த்தால் விற்பவரைச் சந்தேகப்படுங்கள். ‘வெரி குட் / குட்’ என்று சாய்கோடு இருந்தால் முதலாவது புத்தகத்துக்கு, இரண்டாவது மேலுறைக்கு. இரண்டு தரத்துக்கு நடுவில் தடுமாறினால் குறைந்ததைப் போடுங்கள்.

படங்கள்

முன் அட்டை, முதுகு, பின் அட்டை, மேல் ஓரம், தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசியாக, இருப்பதிலேயே மோசமான குறை. அந்தக் கடைசிப் படம் ஸ்கேலோடு இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் போட்டால் பளபளப்பில் தேய்மானம் மறைந்துவிடும். ஃபில்டர் கூடவே கூடாது, பழுப்புத் தாள் வெள்ளையாகிவிடும். குறிப்பில் இல்லாத குறை ஏதாவது படத்தில் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அடிக்கடி ஒன்றாவது அகப்படும், குறிப்பைத் திருத்துங்கள்.

குறிப்பின் கீழே பார்த்த தேதியைப் போட்டுவையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே புத்தகத்தை விற்க எடுத்தால் பழைய குறிப்பை அப்படியே ஒட்டிவிடாமல், மூட்டுகளையும் பூஞ்சையையும் வாடையையும் மட்டுமாவது மறுபடி பார்த்துத் தேதியை மாற்றிவிடுங்கள்.